செட்டார் குகை மனிதனுக்கு வாரிசு உண்டா?

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் செட்டார் என்று ஒரு சிற்றூர். பாலாடைக் கட்டி சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். உலகமெங்கும் விற்கும் 'செட்டார் சீஸ்' இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஊரை ஒட்டிச் சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த ஒரு மலையிடுக்கு. அதில் பல குகைகள். அவற்றில் பெரியது 'காஃப் குகை'. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்து வரலாம்.

1903-ம் ஆண்டில் இந்தக் குகைக்குள் தண்ணீர் தேங்காமலிருக்க வாய்க்கால் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் ஒரு மனித எலும்புக்கூடு அகப்பட்டது. ஆள் இளைஞன், இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவன். உயரம் ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவு. இறந்து ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். பிரிட்டனில் அநேகமாக முழுமையாகக் கிடைத்த எலும்புக்கூடுகளில் இதுவே மிகப் பழையது. 'செட்டார் மனிதன்' என்ற பெயரில் இன்று அது லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் இருக்கிறது.

1997-ம் ஆண்டில் இந்தச் செட்டார் மனிதன் மறுபடியும் பத்திரிகைகளில் அடிபட்டான். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து மரபியல் விஞ்ஞானி பிரையன் சைக்ஸ், அவனுடைய கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பொடி எடுத்து, அதிலிருந்து டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் பிரித்தார். பிறகு செட்டார் வட்டாரத்தில் பரம்பரையாக வாழும் சுமார் 20 பேரிடம் கன்னத்தின் உட்புறத்தை வழித்து மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியர் ஒருவருடைய மாதிரி செட்டார் மனிதனுடையதோடு ஒத்துப்போயிற்று!

பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா? தொள்ளாயிரம் அல்ல, ஒன்பதாயிரம் ஆண்டுகளாக ஒரே ஊரில் குடியிருக்கும் குடும்பம் என்று கொண்டாடினார்கள். குகைக்குள் பாட்டன், அரை மைல் தூரத்தில் பேரன். மண்ணின் மைந்தன் என்றால் இவரல்லவா மண்ணின் மைந்தன்!

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அதே டி.என்.ஏ. விஞ்ஞானம் இந்தக் கதையை நூல் நூலாகப் பிரித்துப் போட்டுவிட்டது.

ஒரே ஒரு நூல்

ஆசிரியருக்கும் குகை மனிதனுக்கும் பொருந்தியது எது? நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு வகை டி.என்.ஏ. இருக்கிறது. உயிரணுவின் உட்கருவில் இருப்பது பெரியது. சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்ட புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளில் இருப்பது சிறியது. பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துக்கள்தான். இது தாயிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்கும் கிடைக்கும், ஆனால் மகன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.

1997-ல் பார்த்தது இந்தச் சிறிய டி.என்.ஏ.வைத்தான். அதாவது அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று போகும் ஒரே ஒரு கோடு. நமக்குப் பாட்டன் பாட்டிமார் நால்வர். அவர்களைப் பெற்றவர்கள் எண்மர். இப்படி இரட்டித்துக்கொண்டே போகும் பெருங்கூட்டத்தில் ஒரே ஒருத்தியின் அடையாளத்தை மட்டும் அது சொல்கிறது. 350 தலைமுறைகளுக்கு அப்பால் போனால், ஒரு பெரிய பட்டுப் புடவையில் ஒரே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு புடவை முழுவதும் எங்கே நெய்யப்பட்டது என்று சொல்கிற மாதிரிதான்.

அந்த இழையும் அபூர்வமானதல்ல. 'யு-5' என்று விஞ்ஞானிகள் எண்ணிட்டிருக்கும் இந்தத் தாய்வழி இன்றைய ஐரோப்பியரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவரிடம் இருக்கிறது. ஆசிரியரின் தாய்வழி முன்னோர் செட்டாரை விட்டு நகரவே இல்லை என்பதற்கு இது சான்றாகாது. பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வேறொரு காலத்தில் வந்து சேர்ந்த இழையாகவும் இருக்கலாம்.

காது எலும்பின் இரகசியம்

முழுப் புத்தகத்தையும் படித்தால்தான் உண்மை தெரியும். அது 1997-ல் முடியாத காரியம். செத்த உடம்பில் டி.என்.ஏ. உடனே சிதையத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்துக் கிடைப்பதெல்லாம் பொடிப்பொடியான துணுக்குகள். அவற்றிலும் பெரும்பகுதி மண்ணிலுள்ள நுண்கிருமிகளுடையதாக இருக்கும். போதாததற்கு, எலும்பைத் தொட்ட ஆராய்ச்சியாளரின் வியர்வையும் எச்சிலும் கலந்துவிடும். எகிப்து மம்மியிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிட்டதாக 1985-ல் பெயர் வாங்கியவர் ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே பேபோ. அது மம்மியினுடையதாக இல்லாமல், பின்னால் ஒட்டிய அழுக்காக இருக்கலாம் என்று அவரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். அந்தப் பாடம் வீண்போகவில்லை. தூசி புகாத அறை, முகமூடி, உறை, தலை முதல் கால் வரை மூடிய உடை என்று கடும் கட்டுப்பாடுகளை வகுத்து இந்தத் துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் அவர்தான். 2022-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

பழைய டி.என்.ஏ. பழையதுதானா என்று காட்டிக்கொடுக்க ஓர் அடையாளமும் உண்டு. துணுக்குகளின் ஓரங்களில் காலத்தின் அரிப்பு குறிப்பிட்ட ஒரு முறையில் எழுத்துக்களை மாற்றிவிடுகிறது. பழைய ஓலைச்சுவடியின் ஓரம் செல்லரித்திருப்பதைப் பார்த்தே அதன் வயதை ஊகிக்கிற மாதிரி. புத்தம் புதிய டி.என்.ஏ.வில் இந்த அரிப்பு இராது.

இன்னொரு பெரிய உதவி காதிலிருந்து வந்தது. உட்காதை மூடியிருக்கும் எலும்பு உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று. வேறு எங்கும் அழிந்துபோன டி.என்.ஏ. அதற்குள் பத்திரமாக இருக்கும் என்று 2014, 2015 ஆண்டுகளில் தெரியவந்தது. செட்டார் மனிதனின் மண்டையோட்டிலும் அந்த இடத்தில் ஒரு சிறு துளையிட்டுப் பொடி எடுத்தார்கள்.

2018 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டபோது, லண்டன் விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்டு இங்கிலாந்து ஒரு நிமிடம் திகைத்துப் போயிற்று. செட்டார் மனிதனின் தோல் கறுப்பு. அல்லது கறுப்பை ஒட்டிய மாநிறம். கண்கள் மட்டும் நீலம் அல்லது பச்சை. தலைமயிர் சுருண்டு கருமையாக இருந்திருக்கும். அவன் உருவத்தை ஹாலந்து சிற்பிகள் இருவர் வடித்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்தார்கள். சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோலின் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே இது உறுதியான நிறமல்ல, மிகவும் சாத்தியமான நிறம் என்று ஆராய்ச்சியாளர்களே எச்சரித்துமிருந்தார்கள். ஆனாலும் செட்டார் மனிதன் தனியன் அல்ல. ஸ்பெயினில் லா பிரான்யா என்ற இடத்துக் குகையில் கிடைத்த 7,000 ஆண்டுப் பழைய வேடனுக்கும் இதே கறுத்த தோலும் நீலக் கண்ணும் இருந்திருக்க வேண்டுமென்று 2014-லேயே தெரிந்திருந்தது.

ஒரு வேடிக்கை. பாலைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் செட்டார் மனிதனிடம் இல்லை. குழந்தைப் பருவம் தாண்டியபின் அவன் ஒரு குவளைப் பால் குடித்திருந்தால் வயிறு உப்பி அவதிப்பட்டிருப்பான். பாலாடைக் கட்டியால் உலகப் புகழ்பெற்ற ஊரின் மூத்த குடிமகன் நிலைமை இது! (கட்டியாகவோ தயிராகவோ ஆனபிறகு அந்தச் சங்கடம் குறையும் என்பது வேறு விஷயம்.)

குகைக்குள்ளே வேறொரு வம்சம்

செட்டார் மனிதனாவது அந்த மண்ணின் ஆதிக் குடியா என்றால், அதுவும் இல்லை. அவன் காலத்தில் பிரிட்டன் தீவே அல்ல. இன்று வட கடல் இருக்கும் இடத்தில் நிலம் இருந்தது. அவன் முன்னோர் கால்நடையாகவே வந்திருப்பார்கள். அதே காஃப் குகையில் அவனுக்கு நாலாயிரம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். செத்தவர்களின் சதையைத் தின்று, மண்டையோட்டைச் செதுக்கிக் கிண்ணமாக்கிக்கொண்ட கூட்டம் அது. அவர்களில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ.வை 2022-ல் படித்து வெளியிட்டார்கள். அவள் வேறொரு வம்சம். செட்டார் மனிதனின் முன்னோரில் பெரும்பாலோர் அவளுடைய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். பனிக்காலத்தின் கடைசியில் தெற்கே இருந்து பரவிய இன்னொரு வேடர் கூட்டம். ஒரே குகை, ஒரே கூரை, குடியிருந்தவர்களோ மாறிவிட்டார்கள்.

ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன் விவசாயம் வந்தது. கோதுமை, வாற்கோதுமை, ஆடு, மாடு, மண்பாண்டம் எல்லாம் சேர்ந்தே வந்தன. இவற்றைப் பார்த்து வேடர்கள் தாங்களே பயிரிடக் கற்றுக்கொண்டார்களா, அல்லது பயிரிடத் தெரிந்த ஆட்களே வந்து குடியேறினார்களா? தொல்பொருள் அறிஞர்கள் இதைப் பற்றி நூறு ஆண்டுகள் சண்டை போட்டார்கள். பானை ஓடு இதற்குப் பதில் சொல்லாது. காது எலும்பு சொல்லிற்று. ஆட்களே வந்தார்கள். இன்றைய துருக்கியான அனதோலியாவிலும் ஈஜியன் கடற்கரையிலும் விவசாயம் செய்த மக்களின் வழித்தோன்றல்கள் சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்குள் நுழைந்து, தலைமுறை தலைமுறையாக நகர்ந்து, கடைசியில் பிரிட்டனுக்கும் வந்து சேர்ந்தார்கள். செட்டார் மனிதனைப் போன்ற பழைய வேடர்களின் சுவடு பிரிட்டனின் பெரும்பகுதியில் இவர்களிடம் மிகச் சிறிதே கலந்தது.

1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் உறைந்து கிடந்த 'ஓட்சி' என்னும் 5,300 ஆண்டுப் பழைய மனிதனும் இந்த விவசாயி வம்சத்தவன்தான். 2023-ல் மறுபடி ஆராய்ந்தபோது, அவனுடைய மரபில் 90 சதவீதத்துக்கு மேல் அனதோலிய விவசாயிகளிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. தோல் இன்றைய தென் ஐரோப்பியரைவிடக் கறுப்பு, தலையோ வழுக்கை. வெள்ளைத் தோலும் நீண்ட கூந்தலுமாக இத்தனை ஆண்டுகள் அவனைப் படம் போட்டவர்கள் தூரிகையை மறுபடி கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

ஸ்டோன்ஹெஞ்ச் என்ற புகழ்பெற்ற கல்வட்டத்தை எழுப்பியவர்களும் இந்த விவசாயிகளின் சந்ததிதான். பிரிட்டிஷ் பெருமைக்கே சின்னமாக விளங்கும் அந்தப் பெருங்கற்கள் கி.மு. 2500-ஐ ஒட்டி நிறுத்தப்பட்டன. நிறுத்தியவர்கள் அதற்குப் பிறகு அதிக காலம் அந்த நாட்டில் பெரும்பான்மையாக இருக்கவில்லை.

புல்வெளியிலிருந்து வந்தவர்கள்

1786-ல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலமொழியிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று பேசினார். அந்த மூலமொழியைப் பேசியவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற தேடல் அன்று சூடு பிடித்தது. லிதுவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மரியா கிம்புட்டாஸ் என்ற அம்மையார், கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள ஸ்டெப்பிப் புல்வெளிதான் அந்த இடம் என்று 1956 முதல் சொல்லிவந்தார். மேடு கட்டிப் பிணம் புதைக்கும் மேய்ப்பர்கள் அங்கிருந்து மேற்கே பரவினார்கள் என்பது அவர் வாதம். 1987-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் காலின் ரென்ஃப்ரூ, இல்லை, அனதோலிய விவசாயிகளோடு மொழியும் வந்தது என்று புத்தகம் எழுதினார். அறிஞர் பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

2015-ல் ஹார்வர்டு விஞ்ஞானி டேவிட் ரைக் சார்ந்த குழுவும், கோபன்ஹேகனில் எஸ்கே வில்லர்ஸ்லெவ் தலைமையிலான குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. 5,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் புல்வெளியில் மாட்டு வண்டியோடு அலைந்த 'யாம்னாயா' என்னும் மேய்ப்பர்களின் இரத்தம் ஐரோப்பாவில் பெருவெள்ளமாகப் பாய்ந்திருக்கிறது. ஜெர்மனியில் அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்தவர்களின் எலும்புகளில் முக்கால் பங்கு மரபு அவர்களுடையது! கிம்புட்டாஸ் அம்மையார் இதைப் பார்க்க இல்லை, 1994-லேயே காலமாகிவிட்டார். ஆனால் 2017-ல் சிகாகோவில் அவர் நினைவாக நடந்த சொற்பொழிவில் பேசியவர் ரென்ஃப்ரூ. அம்மையாரின் கருத்துக்குப் புது உயிர் வந்துவிட்டது என்று அவரே மேடையில் ஒத்துக்கொண்டார். இப்படித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பேராசிரியர்களை அடிக்கடி பார்க்க முடியாது.

அந்த வெள்ளம் பிரிட்டனை அடைந்தது கி.மு. 2450 வாக்கில். கவிழ்த்த மணியைப் போன்ற குவளைகளைக் கல்லறையில் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் வந்தார்கள். 'பீக்கர்' மக்கள் என்று இவர்களுக்குப் பெயர். ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே ஏம்ஸ்பரியில் 2002-ல் கண்டெடுத்த கல்லறை ஒன்றில் அம்புமுனைகள், செப்புக் கத்திகள், பொன் அணிகள் எனச் சுமார் நூறு பொருள்கள் சூழ ஒருவன் கிடந்தான். அவன் பற்களைச் சோதித்தபோது, ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் வளர்ந்தவன் என்று தெரிந்தது. இப்படி வந்தவர்கள் எத்தனை பேர்? 400 பழைய ஐரோப்பியரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2018-ல் வந்த கட்டுரை பதில் சொன்னது. சில நூறு ஆண்டுகளுக்குள் பிரிட்டனின் மரபுச் செல்வத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் மாறிப்போயிற்று.

கல்வட்டம் எழுப்பியவர்கள் என்ன ஆனார்கள்? கொலை செய்தார்கள் என்பாரும் உண்டு. கொள்ளைநோய் என்பாரும் உண்டு. பிளேக் கிருமியின் டி.என்.ஏ. ஐந்தாயிரம் ஆண்டுப் பழைய பற்களிலேயே கிடைத்திருக்கிறது என்பது 2015-ல் தெரிந்த செய்தி. விவாதம் முடியவில்லை.

இதன் பிறகும் கதவு சாத்தப்படவில்லை. வெண்கலக் காலத்தின் கடைசியில் பிரான்ஸ் பக்கமிருந்து ஒரு கூட்டம், பிறகு ரோமானியர், ஆங்கிலோ-சாக்ஸன்கள், வைக்கிங்குகள், நார்மன்கள். இங்கிலாந்து என்ற பெயரே கடல் கடந்து வந்தவர்கள் வைத்தது.

பயந்த பேராசிரியர்கள்

இந்தக் கண்டுபிடிப்பை வரவேற்றவர்களைவிட அதைக் கண்டு பயந்தவர்கள் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெர்மனியில் குஸ்டாஃப் கோசின்னா என்று ஒரு புதைபொருள் அறிஞர் இருந்தார். 1931-ல் இறந்தார். ஒரு வகைப் பானை எங்கே கிடைக்கிறதோ அங்கே ஓர் இனம் வாழ்ந்தது என்பது அவர் கொள்கை. ஜெர்மானியப் பானை என்று அவர் கருதியது கிடைத்த நிலமெல்லாம் ஜெர்மானியருடைய நிலம் என்றும் வாதித்தார். அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில் ஆட்சிக்கு வந்த நாஜிகள் இந்தக் கொள்கையை வைத்து அண்டை நாடுகளைப் பிடிப்பதற்கு நியாயம் கற்பித்தார்கள். அதன் விளைவு உலகம் அறிந்தது. யுத்தத்துக்குப் பிறகு 'குடிபெயர்ச்சி' என்ற சொல்லைச் சொல்லவே ஐரோப்பியத் தொல்பொருள் அறிஞர்கள் கூசினார்கள். 2015-ம் ஆண்டுக் கட்டுரை தயாரானபோது, எலும்புகளைக் கொடுத்து உதவிய ஜெர்மானிய அறிஞர்கள் சிலர், கோசின்னாவின் குரல் மறுபடி கேட்கிறதே என்று அஞ்சித் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள் என ரைக் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் டி.என்.ஏ. சொன்ன சேதியைக் கோசின்னா கேட்டிருந்தால் மனம் ஒடிந்திருப்பார். இன்றைய ஐரோப்பியர் ஒவ்வொருவரிடமும் கறுத்த வேடன், அனதோலிய விவசாயி, புல்வெளி மேய்ப்பன் மூவரும் கூடியும் குறைந்தும் கலந்தே இருக்கிறார்கள். சார்டீனியாத் தீவில் விவசாயி அதிகம். வடக்கே மேய்ப்பன் அதிகம். அந்த மேய்ப்பர்களே முன்னால் பல கூட்டங்கள் கலந்து உண்டானவர்கள். அதற்கும் முன்னால் போனால் நியாண்டர்தால் மனிதனின் பங்கும் ஒன்றிரண்டு சதவீதம் இருக்கிறது. தூய இனம் என்று தேடிப்போனால் கையில் அகப்படுவது ஒன்றுமில்லை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு கிளை உண்டு. அதே புல்வெளி மேய்ப்பர்களின் சந்ததி கிழக்கே திரும்பி, கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே இந்தியாவுக்குள் வந்து கலந்ததாக 2019-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி சொல்லிற்று. அதே சமயத்தில் ஹரியானாவில் ராகிகடி என்ற சிந்துவெளி நகரத்து இடுகாட்டிலிருந்து ஒரு பெண்ணின் டி.என்.ஏ.வும் வெளியாயிற்று. அவளிடம் புல்வெளிச் சுவடு இல்லை. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான எலும்புகள் பேசியிருக்கின்றன. இங்கே 61 மாதிரிகளைச் சோதித்ததில் அந்த ஒருத்திதான் வாய் திறந்தாள். வெயிலும் மழையும் டி.என்.ஏ.வைத் தின்றுவிடுகின்றன. செட்டார் குகையின் குளிர்ச்சி நம் மண்ணில் இல்லை.

சரி, அந்தச் சரித்திர ஆசிரியர் விஷயம்? இன்றைய வெள்ளை பிரிட்டிஷாரின் மரபில் செட்டார் மனிதனைப் போன்ற வேடர்களின் பங்கு ஏறக்குறையப் பத்து சதவீதம். அதிலும் பெரும்பகுதி ஐரோப்பாக் கண்டத்திலிருந்த அவனுடைய உறவினர்கள் மூலமாக, பிற்காலத்தில் வந்தவர்களோடு கலந்து சுற்றி வந்தது. ஆசிரியருக்கு அந்தப் பங்கு உண்டு. அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு. அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கும் உண்டாயிருக்கும்.

காஃப் குகைக்கு இன்று போகிறவர்கள் பார்ப்பது எலும்புக்கூட்டின் நகலைத்தான். அசல் லண்டனில் இருக்கிறது. குகையை விட்டு வெளியே வந்தால், சாலையோரக் கடைகளில் செட்டார் கட்டி விற்கிறார்கள்.